கிடைநாய்க்குக் கவனம் கற்பித்தல்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், சிவகங்கை முதலிய தாலூகாக்களில் நிலத்தின் பெரும்பகுதி வான மழையையும் கண்மாய் நீரையும் நம்பியுள்ளது. செம்மண்ணும் சரளையும் கலந்த இந்நிலங்களுக்கு எருவே உயிர். ஆதலால் அறுவடை முடிந்ததும் கீதாரிகளை அழைத்து வயலில் ஆட்டுக்கிடை அமர்த்துவது இப்பகுதிக் குடியானவர்களின் நெடுநாளைய வழக்கமாகும். பகலில் தரிசிலும் கண்மாய் உள்வாயிலும் மேய்ந்த ஆடுகள் இரவில் வயலில் அடைந்து, புழுக்கையையும் மூத்திரத்தையும் நிலத்திற்கே விட்டுச் செல்கின்றன. அவ்விரவுகளில் ஆட்டுக்கும் நரிக்கும் இடையே நிற்பது நாய். பகல் முழுதும் நடந்து களைத்த கீதாரி சற்றுக் கண்ணயர்வதும் அதனை நம்பியேயாம்.

ஆயினும் நாய் இருப்பது மட்டும் காவலாகாது. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாத நாயினால் மூவகை நஷ்டம் நேர்கிறது. முதலாவது, நள்ளிரவில் முயலின் அரவமோ நரியின் ஊளையோ கேட்டு அது புதருக்குள் ஓடிவிடுமாயின், கிடை காவலற்றுப் போகிறது. அந்நேரம் பார்த்து மற்றொரு பக்கமாக வரும் நரி குட்டியைக் கவ்விச் செல்கிறது. இரண்டாவது, ஓடும் ஆட்டைக் கண்டதும் விளையாட்டாகத் துரத்தத் தொடங்கும் இளநாய், சினையாடுகளை வெருட்டிக் கருச்சிதைவுக்குக் காரணமாகிறது. நாளடைவில் கடிக்கவும் கற்றுக்கொள்கிறது. மூன்றாவது, கட்டுக்கடங்காது திரியும் நாய் தெருநாய்க் கூட்டத்தோடு சேர்ந்து பிறர் பட்டியில் புகுகிறது. திருப்பூர் ஜில்லாவில் காங்கேயம் முதலிய இடங்களில் நாய்க்கூட்டங்கள் பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், குடியானவர்கள் நஷ்டஈடு கோரி 2024, 2025ஆம் ஆண்டுகளில் போராடியதும் யாவரும் அறிந்தனவே.

இத்தகைய நாயை 'அடங்காதது', 'சொல் கேளாதது' என்று வைதும் அடித்தும் கைவிடுவது பெரும்பாலோர் வழக்கம். உண்மையில் அந்நாய்க்குக் குறை குணத்தில் இல்லை. எஜமானனைப் பார்ப்பதில் யாதொரு பயனும் உண்டென்று அதற்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. நாய் எதனிடத்தில் பயன் காண்கிறதோ அதனிடத்திலேயே கண்ணையும் காதையும் வைக்கும். முயலைப் பார்த்தால் ஓட்டமும் உற்சாகமும் கிடைக்கின்றன. எஜமானனைப் பார்த்தால் வசவு கிடைக்கிறது. எதனைப் பார்ப்பது என்பதில் நாய்க்கு ஐயமில்லை. இந்நிலையை மாற்றி, எஜமானனை நோக்குவதே எல்லாவற்றிலும் இலாபமானதென்று நாய்க்குத் தோன்றச் செய்வதே பழக்குதலின் இரகசியம். அதனைச் செய்யும் முறை இங்கு விவரிக்கப்படுகிறது.

நாட்டு நாய்களின் இயல்பு

தென் ஜில்லாக்களின் சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இனங்கள் மெலிந்த உடலும் ஆழ்ந்த மார்பும் நீண்ட கால்களும் உடையவை. மோப்பத்தைக் காட்டிலும் கண்ணால் கண்டு துரத்தும் வேட்டைக்கென வளர்க்கப்பட்டவை. தூரத்தில் அசையும் சிறு பொருளும் இவற்றின் கவனத்தைக் கவரும். இராஜபாளையம் நாயும் கோம்பை நாயும் காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பேர்பெற்றவை. இவ்வினங்கள் தாமே முடிவுசெய்து பாயும் இயல்புடையன. அவ்வியல்பு வேட்டையில் நன்மை பயந்தது. கிடையில் அதற்கு ஒரு கடிவாளம் வேண்டும்.

நாட்டு நாய் பழகாது, சீமை நாயே பழகும் என்னும் எண்ணம் பிழையானது. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்னாடகத்து முதோல் ஆகிய மூன்றினையும் கர்னாலிலுள்ள தேசிய கால்நடை மரபணு வள நிலையம் 2020ஆம் ஆண்டில் தனி இனங்களாகப் பதிவுசெய்தது. இந்திய இராணுவத்தின் மீரட் நிலையத்தில் சிப்பிப்பாறை நாய்கள் மோப்பப் பணிக்குப் பழக்கப்பட்டன. கோவிட் நோயை மோப்பத்தால் கண்டறியும் நாய்களை 2021 பிப்ரவரியில் இராணுவத்தார் டில்லியில் காட்டியபொழுது அவ்வினமும் அவற்றுள் இருந்தது. குறைவு இனத்தில் இல்லை, பழக்குவோர் முறையிலேயே உள்ளது என்பதற்கு இது போதுமான சான்று.

மனிதன் முகத்தை நோக்குவது நாயின் பிறப்போடு ஒட்டியதோர் ஆற்றலாகும். ஹங்கேரி தேசத்தின் புடாபெஸ்ட் நகரத்து ஆராய்ச்சியாளர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை ஒன்று இதனை விளக்குகிறது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களுக்கும் நாய்களுக்கும் இறைச்சியை எடுக்கும் வழியொன்று முதலில் கற்பிக்கப்பட்டது. பின்னர் எவ்வளவு முயன்றும் எடுக்கவியலாதபடி அது தடுக்கப்பட்டது. ஓநாய்கள் இறைச்சியையே சுற்றி முயன்றுகொண்டிருந்தன; நாய்களோ விரைவிலேயே திரும்பி அருகில் நின்ற மனிதரின் முகத்தைப் பார்த்தன. 2015ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர், நாயும் அதன் எஜமானரும் ஒருவரையொருவர் நெடுநேரம் நோக்கும்பொழுது, தாய்க்கும் சேய்க்கும் இடையே பாசத்தை வளர்க்கும் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு இருவரிடத்தும் மிகுவதைக் கண்டனர். ஆகவே கவனம் என்பது புதிதாகப் புகுத்த வேண்டியதன்று. உள்ளே இருப்பதை வளர்த்தெடுக்க வேண்டியதே.

ஆயின் அவ்வாற்றலை அச்சம் மூடிவிடும். கொல்கத்தாவில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையத்தார் 160 தெருநாய்களைக் கொண்டு செய்த சோதனை 2020ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மூடிய இரு கிண்ணங்களை வைத்து, முன்பின் அறியாத ஒருவர் அவற்றுள் ஒன்றைக் கையால் சுட்டிக்காட்டினார். ஏறக்குறையப் பாதி நாய்கள் அருகிலேயே வரவில்லை. துணிந்து வந்தவற்றுள் நூற்றுக்கு 80 வீதம் நாய்கள், எவ்விதப் பழக்கமும் இல்லாதிருந்தும், சுட்டிய கிண்ணத்திற்கே சென்றன. மனிதன் குறிப்பை அறியும் திறன் தெருநாய்க்கும் உண்டு. அத்திறன் வெளிப்பட முதலில் பயம் நீங்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

பழக்கத் தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

குட்டி பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறையப் பன்னிரண்டு, பதினான்கு வாரங்கள் வரையுள்ள காலம் மிக முக்கியமானது. அக்காலத்தில் அது கண்டு பழகிய மனிதர், ஆடு, மாடு, வண்டி, ஓசை ஆகியவற்றைப் பிற்காலத்தில் கண்டு மருளாது. எட்டு வாரக் குட்டிக்கே முதற்பாடம் தொடங்கலாம். வளர்ந்த நாயும் பழகும். ஆனால் பொறுமை அதிகம் வேண்டும்.

நாய் கேளாதிருப்பதற்குக் காது கேளாமையே காரணமாகவும் இருக்கலாம். வெண்ணிற இராஜபாளையம் நாய்களுள் சில பிறவிச் செவிடாக இருப்பது அறியப்பட்டதாகும். ஆதலால் நாய் வேறு பக்கம் நோக்கியிருக்கும்பொழுது, அதன் பின்னால் சற்றுத் தூரத்தில் நின்று சாவிக்கொத்தை அசைத்துப் பார்க்க வேண்டும். கையசைவினால் காற்றுப் படுதலும் காலடியால் நிலம் அதிர்தலும் கூடா. பல முறை செய்தும் செவி அசையவில்லையேல் கால்நடை மருத்துவரிடம் காட்டுக. செவிட்டு நாயையும் கைச்சைகையாலும் இரவில் டார்ச் விளக்கின் ஒளியாலும் பழக்கலாம்; அடிப்பதால் அது கேட்கப்போவதில்லை.

உண்ணியும் குடற்புழுவும் உள்ள நாய்க்குச் சொறிவதே வேலையாகும்; அதற்குப் பாடத்தில் மனம் செல்லாது. இவற்றிற்குச் சிகிச்சை செய்த பின்னரே பழக்குதல் நலம். பங்குனி முதல் ஆவணி வரை இப்பகுதி வெயிலில் நாய் இளைத்து மூச்சுவாங்கும். விடியற்காலையும் பொழுது சாயும் வேளையுமே பாடத்திற்கு உகந்தவை. தண்ணீர் எப்பொழுதும் அருகில் இருக்க வேண்டும்.

வெகுமதியாக வேகவைத்த ஆட்டு ஈரல், கோழியிறைச்சி, அவித்த முட்டை ஆகியவற்றுள் ஒன்றைப் பாதி நிலக்கடலைப் பருப்பளவு சிறு துண்டுகளாக நறுக்கிக்கொள்க. உப்பும் மசாலாவும் சேர்த்தல் கூடாது. செட்டிநாட்டு விருந்துகளில் மிஞ்சும் குழம்பையும் வறுவலையும் நாய்க்கு இடுவது வழக்கமாயினும், அவற்றிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்திற்குத் தீங்கு செய்வன. திராட்சையும் சாக்லேட்டும் நஞ்சாகும். வெந்த எலும்பு சிராய்களாக உடைந்து குடலைக் கிழிக்கும். பாடம் முடிந்த பின்னரே வேளை உணவு அளித்தல் வேண்டும். வயிறு நிறைந்த நாய்க்கு வெகுமதியில் நாட்டமிராது. அதற்காகப் பட்டினி போடுதலும் ஆகாது.

முதற்பாடம்: பெயர்

நாயின் பெயருக்கு ஒரே பொருள்தான் இருத்தல் வேண்டும். அது 'என் முகத்தைப் பார்' என்பதாம். பெயர் குறுகியதாக இருப்பது நலம். மணி என்பது பெயரென்று வைத்துக்கொள்வோர், ஓசையற்ற இடத்தில் நாயின் அருகே நின்று ஒரேயொரு முறை 'மணி' என்று இயல்பான குரலில் அழைக்க வேண்டும். நாய் தலை தூக்கி முகத்தை நோக்கிய அக்கணமே 'சபாஷ்' என்று சொல்லி உடனே ஒரு துண்டை வாயில் இட வேண்டும். 'சபாஷ்' என்னும் சொல் பார்வையோடு பொருந்தி வரவேண்டும்; ஒரு விநாடி தாழ்ந்தாலும் நாய் தலையைத் திருப்பியிருக்கும், தலையைத் திருப்பியதற்கே வெகுமதி என்று அது எண்ணிவிடும்.

இவ்வாறு செயலையும் வெகுமதியையும் ஒரு குறிப்பொலியால் இணைக்கும் முறையை அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ஸ்கின்னர் 1951ஆம் ஆண்டில் பொதுமக்களுக்காக எழுதி விளக்கினார். அதற்கெனத் தனிக் கருவி விற்கப்படுகிறதாயினும், கிடையில் கைத்தடியும் தூக்குவாளியும் ஏந்தி நிற்பவருக்கு வாய்ச்சொல்லே எளிது. எச்சொல்லாயினும் வீட்டார் அனைவரும் அதனையே சொல்ல வேண்டும்.

ஒரு வேளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை, ஐந்து நிமிஷத்திற்கு மேற்படாமல், நாளொன்றுக்கு மூன்று வேளை செய்தால் போதும். நாய் சலிப்பதற்குள் நிறுத்திவிடுக. பெயரைச் சொன்னதும் பத்தில் ஒன்பது முறை தயங்காது நோக்குமாயின் அடுத்த பாடத்திற்குச் செல்லலாம்.

இரண்டாம் பாடம்: கேட்காமலே நோக்குதல்

துண்டை மூடிய கையில் வைத்துக் கையைப் பக்கவாட்டில் நீட்டி நிற்க வேண்டும். நாய் முதலில் கையையே முகர்ந்து, நக்கி, பிறாண்டிப் பார்க்கும். யாதும் சொல்லாது அசையாது நிற்க. சிறிது நேரத்தில், கையால் பயனில்லை என்று கண்டு, முகத்தை நிமிர்ந்து பார்க்கும். அக்கணமே 'சபாஷ்', உடனே துண்டு. வேண்டும் பொருளை நேரே பற்றுவதால் அது கிடைப்பதில்லை, எஜமானனை நோக்கினாலே கிடைக்கும் என்னும் பெரும் பாடம் இதில் அடங்கியுள்ளது. பின்னாளில் முயலைக் கண்டபொழுதும் ஆட்டைக் கண்டபொழுதும் நாய் நினைக்க வேண்டியது இதுவே.

நோக்கும் நேரத்தைப் படிப்படியாகக் கூட்டுக: ஒரு விநாடி, மூன்று, ஐந்து, பத்து. ஒரே சீராக ஏற்றாமல், ஐந்தின் பின் இரண்டு, பின்னர் ஏழு என்று மாற்றிச் செய்தால் நாய்க்கு அலுப்புத் தோன்றாது. நாயின் தாடையைப் பிடித்து வலிந்து முகத்தைத் திருப்புதல் கூடாது. நாய்களுக்குள் நேருக்கு நேர் உறுத்துப் பார்த்தல் சண்டைக்கு அழைப்பாகும். வலிந்து செய்தால் அது அஞ்சிக் கண்ணை விலக்கவே கற்கும். எஜமானனின் பார்வையும் சாந்தமாக இருத்தல் வேண்டும்.

மூன்றாம் பாடம்: இடம் மாற்றுதல்

அடுப்படியில் கற்றது கண்மாய்க் கரையில் தானே வந்துவிடாது. நாய் பாடத்தை இடத்தோடு சேர்த்தே நினைவில் வைக்கும். ஆதலால் அமைதியான இடத்திலிருந்து ஆரவாரமான இடத்திற்குப் படிப்படியாகச் செல்ல வேண்டும். ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை கட்டுக்கட்டாக நீளும் செட்டிநாட்டு வீடுகளில் இதற்கு இயற்கையாகவே வசதி உண்டு. சொந்தக்காரர் வெளியூரிலிருக்க, காவற்காரரும் நாயும் மட்டுமே தங்கும் அவ்வீடுகளிலும் இப்பழக்கம் மிகவும் பயன்படும். இரண்டாங்கட்டில் தொடங்கி, பின்னர் வளவு, பின்னர் முகப்புத் திண்ணை, பின்னர் தெருவாசல் என்று ஒவ்வோரிடத்திலும் சில நாள் பழக்கலாம். குடியானவர் வீடுகளில் உள்வீடு, கொல்லை, களம், வண்டிப்பாதை, கண்மாய்க் கரை என்பது முறையாகும்.

ஒவ்வொரு புதிய இடத்திலும் பாடத்தை முதலிலிருந்து எளிதாகத் தொடங்குக. நேரம், தூரம், கலக்கம் ஆகிய மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றையே கூட்ட வேண்டும். தெருவில் வண்டிகள் ஓடும்பொழுது பத்து விநாடிப் பார்வையைக் கேட்பது தவறு. ஒரு விநாடி போதும். நாய்க்கும் எஜமானனுக்கும் இடையே தூரம் கூடும்பொழுது சுற்றிலும் அமைதி இருத்தல் வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே கூட்டுவோர் பழக்கம் கெட்டுவிட்டதென்று நாயைக் குறைகூறுகின்றனர்.

கயிற்றில் நடத்தும்பொழுது நூற்கயிறே நல்லது. தேங்காய்நார்க் கயிறு கழுத்தையும் கையையும் அறுக்கும். ஆறடிக் கயிறு தளர்ந்து தொங்குமாறு நடத்துக. நாய் முன்னே இழுத்தால், எதிர்த்து இழுக்காமல் நின்றுவிடுக, அல்லது மறுபக்கம் திரும்பி நடக்க. அது திரும்பி நோக்கி அருகில் வந்ததும் 'சபாஷ்'. எஜமானன் எப்பொழுது திரும்புவான் என்று அறியவேண்டி நாய் தானே அவன்மீது ஒரு கண் வைக்கத் தொடங்கும்.

நான்காம் பாடம்: ஆட்டின் முன்னிலையில்

இப்பாடமே மற்றவற்றின் பயன். நாயைக் கயிற்றில் பிடித்துக் கிடைக்கு ஐம்பது அறுபது அடி தூரத்தில் நிற்க வேண்டும். நாய் ஆடுகளைப் பார்க்கட்டும், தடுக்க வேண்டாம். சற்றுப் பொறுத்துப் பெயர் சொல்லி ஒரு முறை அழைக்க, முகம் திருப்பினால் 'சபாஷ்' சொல்லி வழக்கத்திலும் சிறந்த துண்டை இடுக. அழைத்தும் திரும்பாமல் ஆட்டையே முறைத்து நின்றாலும், துண்டை மூக்கருகே நீட்டியும் தின்னாமற்போனாலும், அது அளவுக்கு மீறி நெருங்கிவிட்டது என்பது பொருள். அதட்டாமல் இன்னும் இருபது அடி பின்வாங்கி மீண்டும் தொடங்குக. தூரமே இதற்கு மருந்து.

நாட்கள் செல்லச் செல்ல ஐந்து ஐந்து அடியாக நெருங்கலாம். ஆடுகள் படுத்திருக்கும்பொழுது முதலிலும், நின்று மேயும்பொழுது பின்னரும், நடக்கும்பொழுது அதன் பின்னரும், ஓடும்பொழுது கடைசியிலும் பழக்குக. ஓடும் ஆடே கண்வேட்டை நாய்க்குப் பெருஞ்சோதனை. பின்னர் முப்பதடிக் கயிறு கட்டித் தரையில் இழுபட விட்டு, நாய்க்குச் சுதந்திரம் அளித்தது போலத் தோன்றச் செய்து அழைத்துப் பழக்க வேண்டும். பகலில் தேர்ந்த பின்னர் அந்தியிலும், அதன் பின்னர் இரவிலும் இதனையே செய்க. இரவில் முகம் தெரியாதாதலால் பெயரோடு ஒரு சீழ்க்கையையும் பழக்குவது அவசியம். சீழ்க்கை ஒலித்த பின் பெயர் சொல்லி வெகுமதி அளித்து வந்தால், சில நாளில் சீழ்க்கை ஒன்றே போதும்.

ஸ்காட்லாந்து, வேல்ஸ் நாடுகளின் மேய்ப்பு நாய்கள் ஆட்டின்மீது வைத்த கண்ணை வாங்காமலே எஜமானனின் சீழ்க்கைக்கு இடமும் வலமும் திரும்புகின்றன. வேல்ஸில் பாலா என்னும் ஊரில் 1873ஆம் ஆண்டிலேயே அந்நாய்களுக்குப் போட்டி நடத்தப்பட்டது. அந்நாய்களின் வேலை ஆட்டை மடக்கி ஓட்டுவது. இந்நாட்டுக் கிடைநாயின் தலையாய வேலை காவல். ஆதலால் மடக்கி ஓட்டும் வித்தையை இதனிடம் எதிர்பார்க்க வேண்டுவதில்லை. குரைத்து எச்சரித்தல், கிடையை விட்டு அகலாதிருத்தல், அழைத்தவுடன் திரும்புதல் ஆகிய மூன்றுமே போதும். குரைத்தவுடன் கீதாரி எழுந்து வந்து பார்த்து, பெயர் சொல்லி அழைத்து, திரும்பியதற்கு வெகுமதி அளித்து வந்தால், அரவம் கேட்டதும் குரைத்துவிட்டு எஜமானனை நோக்கித் திரும்பும் வழக்கம் நாய்க்கு உண்டாகும்.

பாடம் நன்கு படிந்த பின்னர் ஒவ்வொரு முறையும் உணவு தர வேண்டுவதில்லை. மூன்று முறைக்கு ஒன்று, ஐந்து முறைக்கு ஒன்று என்று ஒழுங்கின்றி அளித்தால் நாய் மேலும் ஊக்கமாக எதிர்நோக்கும். தடவிக்கொடுத்தலும் விளையாட்டும் வெகுமதியே. ஆயின் நரியை விட்டோ முயலை விட்டோ திரும்பி வந்த நாய்க்கு ஒருபொழுதும் வெறுங்கை காட்டலாகாது.

சாதாரணமாக நேரும் பிழைகள்

பெயரைப் பத்து முறை அடுக்கிக் கூவுவது முதற்பிழை. பத்தாவது முறை வந்தால் போதுமென்றே நாய் கற்கிறது. ஒரு முறை அழைத்தும் திரும்பாவிடில், அருகே சென்று கயிற்றை மெல்லப் பற்றி, எளிய நிலையிலிருந்து மீண்டும் தொடங்குக.

ஓடிப்போன நாய் திரும்பி வந்ததும் அடிப்பது இரண்டாம் பிழை. எல்லாவற்றிலும் கொடியதும் இதுவே. அடி ஓடியதற்கென்று எஜமானன் நினைக்கிறான். வந்ததற்கென்று நாய் நினைக்கிறது. மறுமுறை அது வாராது. எவ்வளவு காலந்தாழ்ந்து வந்தாலும் வந்தமைக்கு நன்மொழியே கூறுதல் வேண்டும்.

பெயரைச் சொல்லி வைவதும், பெயரைச் சொல்லி மருந்து புகட்டுவதும், பெயரைச் சொல்லிக் கட்டிப்போடுவதும் மூன்றாம் பிழை. ஒருவர் 'தோ தோ' என்றும், மற்றொருவர் பெயரிட்டும், சிறுவர் விளையாட்டாகச் 'சூ' காட்டியும் குழப்புவது நான்காம் பிழை. ஏவும் சொல்லாகிய 'சூ' என்பதை வேடிக்கைக்காக வழங்குதல் அபாயகரமானது. வழிப்போக்கரைக் கடிக்கும் நாய்கள் பல இவ்வாறு உண்டானவையே.

தடியும் கழுத்தை நெரிக்கும் சங்கிலியும் கொண்டு பழக்குவது ஐந்தாம் பிழை. போர்த்துகல் தேசத்தில் 92 நாய்களை ஆராய்ந்து 2020ஆம் ஆண்டில் வெளியிட்டோர், தண்டனையால் பழக்கப்பட்ட நாய்கள் வெகுமதியால் பழக்கப்பட்டவற்றினும் அதிகமாக மனக்கலக்கக் குறிகளைக் காட்டியதையும், அவற்றின் உமிழ்நீரில் கலக்கத்தைக் குறிக்கும் சுரப்பு மிகுந்திருந்ததையும் எடுத்துரைத்தனர். அடிக்கு அஞ்சும் நாய் எஜமானனை நோக்கும்; ஆனால் தடி எட்டும் தூரம் வரையில்தான். கிடையிலோ அது நூறு கஜத்திற்கு அப்பால் இருட்டில் நிற்கிறது.

வீரமுண்டாகும் என்று காதையும் வாலையும் அறுப்பதால் யாதொரு பயனுமில்லை. மிருகங்களின் அங்கங்களைச் சிதைப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும்.

காட்டுயிர்களும் சட்டமும்

முற்காலத்தில் கண்வேட்டை நாய்களை விட்டு முயல் பிடிப்பது இப்பகுதியில் பொழுதுபோக்காக இருந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னர், முயலையும் மயிலையும் நாய்விட்டு ஓட்டிப் பிடிப்பது தண்டனைக்குரிய குற்றம். கடலைக் கொல்லையில் மயில் மேய்வது கண்டு குடியானவர் மனம் வருந்துவது இயல்பே. எனினும் நாயை ஏவி அதனைக் கடிக்கச் செய்தால் சட்டம் அவரையே பற்றும். குரைத்து ஓசையெழுப்பி, அழைத்ததும் நின்றுவிடும் நாயே கொல்லைக் காவலுக்கு உரியது.

திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடிக் கண்மாய்கள் 1977ஆம் ஆண்டு முதல் பறவைகள் சரணாலயமாக உள்ளன. வலசை வரும் பறவைகள் வெருளாதிருக்க வேண்டித் தீபாவளியிலும் வெடி வெடியாதிருக்கும் கொள்ளுகுடிப்பட்டி மக்களின் கட்டுப்பாடு பலரும் அறிந்தது. அப்பகுதியில் கிடை அமர்த்துவோர் கட்டுக்கடங்காத நாயைக் கரையில் அவிழ்த்துவிடுதல் கூடாது.

வெறிநோய்த் தடுப்பு

எவ்வளவு நன்கு பழகிய நாயாயினும் வெறிநோய்த் தடுப்பூசி இல்லாதது ஊருக்கு ஆபத்தானதே. கிடைநாய் நரியோடும் தெருநாயோடும் பொருத நேர்வதால் அதற்கு அபாயம் அதிகம். மூன்று மாதம் நிரம்பியதும் முதல் ஊசியும், பின்னர் மருத்துவர் கூறியபடி மறு ஊசியும், அதன் பின் ஆண்டுதோறும் ஒன்றும் போடுவித்தல் வேண்டும். ஊர் ஊராகச் செல்லும் கீதாரிகள் ஊசிச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டால், செல்லுமிடத்துக் கால்நடை மருந்தகத்தில் அடுத்த ஊசியைத் தவறாமல் போடுவித்துக்கொள்ளலாம். நாய் கடித்தாலும் பிறாண்டினாலும் காயத்தை ஓடும் நீரில் சவுக்காரமிட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக் காலங்கடத்துதல் உயிருக்கே ஆபத்தாகும். நோய்க்குறி தோன்றிய பின் இந்நோய்க்கு மருந்து பயன்படுவது அரிதினும் அரிது.

முடிவாகக் கூறுமிடத்து, இப்பழக்கத்திற்கு வேண்டுவன நாளொன்றுக்குக் கால் மணி நேரமும், ஒரு பிடி வெந்த இறைச்சியும், வீட்டார் அனைவரும் ஒரே சொல்லை வழங்கும் உறுதியுமே. நாய்க்கு நாய் வேறுபடுமாயினும், ஊக்கமாகச் செய்வோர் இரண்டு மூன்று மாதங்களில் பலனைக் காணலாம். ஆவணி, புரட்டாசியில் குட்டியை எடுத்துத் தொடங்குவோர் தை அறுவடைக்குப் பின் கிடை அமரும்பொழுது அதனைக் கயிற்றில் ஆட்டருகே நிறுத்தும் நிலைக்கு வந்துவிடலாம். வயது நிரம்பாத குட்டியைத் தனிக்காவலுக்கு விடாமல், முதலாண்டு மூத்த நாயோடு சேர்த்து வைத்து, அடுத்த ஆண்டில் பொறுப்பளிப்பதே முறை. ஓர் ஈற்றுக் குட்டிகளை நரிக்குக் கொடாமல் காப்பாற்றினாலும் இதற்குச் செலவிட்ட உழைப்பு ஒன்றுக்குப் பலவாகத் திரும்பிவிடும்.